இனாமும் ஊதியமும்

உணவு விடுதியில் உண்டு முடித்தவர் கை கழுவி வந்து அமர்கிறார். சோம்பும் சர்க்கரையும் இட்ட சிறு தட்டில் பில் வருகிறது. அவர் பணத்தை வைக்கிறார். மீதிச் சில்லறை வருகிறது. அதில் பத்து ரூபாயையோ இருபது ரூபாயையோ தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து செல்கிறார். இவ்வாறு கொடுப்பதை நம் பாட்டன்மார் இனாம் என்றனர். இன்று எல்லாரும் டிப்ஸ் என்கிறோம். இவ்வழக்கத்தை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். ஒழித்தால் ஏழையின் வயிற்றில் அடித்ததாகும் என்று மற்றொரு சாரார் மறுக்கின்றனர். இவ்விரண்டில் எது சரி என்பதை இன்று ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டுச் சந்திப்பில் இரயிலை விட்டு இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அங்கிருந்து வடக்கே கோவளம், முட்டுக்காடு வரை கடற்கரையை ஒட்டிப் பல விடுதிகள் இருக்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கோயில்களையும் 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2021–22ஆம் ஆண்டில், நுழைவுக் கட்டணம் உள்ள மத்தியத் தொல்லியல் சின்னங்களுள் வெளிநாட்டார் மிகுதியாகக் கண்ட இடம் தாஜ்மகால் அன்று, மாமல்லபுரமே. அவ்வாண்டில் அங்கு வந்த வெளிநாட்டார் 1,44,984 பேர். உள்நாட்டு விருந்தினரோ இதனினும் பன்மடங்கு. இவர்களுக்கெல்லாம் சோறு பரிமாறியும், அறை கூட்டியும், பெட்டி சுமந்தும், கார் ஓட்டியும், சிற்பங்களின் வரலாற்றைச் சொல்லியும் பிழைப்பவர் பலர். பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவரும் உண்டு. பீகார், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவரும் உண்டு. அவர்களுள் பலருடைய மாத வருவாயில் ஒரு பகுதி முதலாளி கொடுப்பது. மற்றொரு பகுதி விருந்தினர் தட்டில் விட்டுச் செல்வது. இந்த இரண்டாம் பகுதியைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. கூலி என்பது செய்த வேலைக்கு உரிய விலை. அதனைத் தலை நிமிர்ந்து கேட்கலாம்; கொடாவிட்டால் வழக்காடலாம். இனாம் என்பது கொடுப்பவர் மனம் குளிர்ந்தால் கிடைப்பது. அதனைக் கேட்டால் இரத்தலாகும். கிடைக்காவிட்டால் முறையிட இடமில்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு. அரசிடம் ஊதியம் பெறுபவர் தம் கடமையைச் செய்வதற்காகப் பொதுமக்களிடம் பெறும் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் அது கையூட்டே; 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமே. அதனைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. ஆகவே தனியார் விடுதிகளிலும் அவை போன்ற இடங்களிலும் பணி செய்வோர் பெறும் இனாமோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் 'கிராட்யூட்டி' என்று ஒரு சொல் உண்டு. உணவு விடுதியில் விடும் இனாமுக்கும் அதுவே பெயர். பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளிக்குக் கிடைக்கும் பணிக்கொடைக்கும் அதுவே பெயர். பணிக்கொடையும் தொடக்கத்தில் முதலாளி விரும்பினால் தரும் வெகுமதியாகவே இருந்தது. தொழிலாளர் இயக்கங்கள் அதனை உரிமையாகக் கேட்டுப் போராடின. நாளடைவில் நடுவர் மன்றங்கள் அதனை ஏற்றன. 1972ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டமாகவே இயற்றிற்று. விருப்பத்தால் கொடுக்கப்பட்ட ஒன்று, கடமையால் கொடுக்க வேண்டிய ஒன்றாக மாறியது. ஒரே பெயருடைய இரண்டில் ஒன்று உரிமையாயிற்று. மற்றொன்று இன்னும் தட்டிலேயே கிடக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு இரு சாராரின் வாதங்களையும் கேட்போம்.

இனாமை ஒழிக்க வேண்டும் என்போரின் முதல் வாதம், அது நிலையற்றது என்பது. மாமல்லபுரத்தில் சனி, ஞாயிறு நாட்களில் விடுதிகள் நிரம்பும், செவ்வாய்க்கிழமை வெறிச்சோடும். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடமிராது. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் தொடங்கிய சதுரங்க ஒலிம்பியாடுக்கு நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தனர். அதே ஆண்டு திசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. ஐந்தே திங்கள் இடைவெளியில் ஒரே ஊர் விழாவையும் கண்டது, புயலையும் கண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலோ கொரோனாத் தொற்றினால் சின்னங்களே மூடப்பட்டுப் பல மாதங்கள் பூட்டிக் கிடந்தன. விருந்தினர் வாராத நாளில் தட்டில் சில்லறை விழாது. ஆனால் வீட்டு வாடகை அந்த நாளுக்கும் உண்டு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் புயலுக்காகக் காத்திராது. வாணிகத்தில் ஏற்ற இறக்கம் இயல்பே. அதனைத் தாங்குவதற்கு முதல் போட்டவரிடம் ஓரளவு வலிமை உண்டு. பரிமாறுபவரிடம் அந்த வலிமை இல்லை. இனாமை நம்பி வாழ்பவர் வாணிகத்தின் நட்டத்தில் பங்கு பெறுகிறார். ஆனால் அதன் முதலில் அவருக்குப் பங்கில்லை.

இரண்டாம் வாதம், அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பது. ஓர் இலை உணவு நம் முன் வருவதற்குக் காய் நறுக்குபவர், சரக்கு மாஸ்டர், பாத்திரம் துலக்குபவர், மேசை துடைக்கும் கிளீனர் என்று பலர் உழைக்கின்றனர். விருந்தினர் காண்பது பரிமாறும் சர்வர் ஒருவரையே. தங்கும் விடுதியிலும் இதே நிலைதான். பெட்டியைத் தூக்கி வருபவர் நம் கண் எதிரே நிற்கிறார். படுக்கை விரிப்பையும் கழிப்பறையையும் தூய்மை செய்த பெண், நாம் வெளியே சென்ற நேரத்தில் வந்து போய்விடுகிறார். அடுப்பின் வெம்மையில் நிற்பவரும், கழிநீரில் கை வைப்பவரும் விருந்தினர் கண்ணில் படுவதில்லை. ஆதலால் இனாம் உழைப்பின் அளவைப் பார்த்து வருவதில்லை. உழைப்பவர் நிற்கும் இடத்தைப் பார்த்து வருகிறது.

மூன்றாம் வாதம் கணக்கைப் பற்றியது. மாணவர்கள் இதனைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு மாத ஊதியம் 11,000 ரூபாய். இனாமாக மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் சேர்வது 15,000. ஆனால் வருங்கால வைப்புநிதி 11,000க்குத்தான் கணக்கிடப்படும். அந்த 4,000 ரூபாயும் ஊதியமாக இருந்திருந்தால், நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் அவர் பங்கு மாதம் 480. முதலாளி பங்கும் 480. இருபது ஆண்டுகளில் முதலாளி பங்கு மட்டும், வட்டி சேராமலே, 1,15,200 ரூபாய். பணிக்கொடை, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்பது கணக்கு. மாதத்தை இருபத்தாறு நாளாகக் கொள்வர். அவ்வகையில் இருபது ஆண்டுக்குச் சேர வேண்டியது 46,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால், முதலாளியிடமிருந்து வந்திருக்க வேண்டிய 1,61,000 ரூபாய் இல்லாமற் போகிறது. நோயுற்று வேலைக்கு வர இயலாத நாட்களில் தொழிலாளர் அரசுக் காப்பீடு தரும் உதவித்தொகையும் ஊதியத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது. வங்கியில் கடன் கேட்டாலும் ஊதியச் சீட்டையே பார்ப்பர். இனாம் அன்றைய செலவுக்கு உதவும். முதுமைக்கும் நோய்க்கும் உதவாது.

இதற்குச் சட்டத்திலேயே சான்று உண்டு. ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. விருந்தினர் கடன் அட்டை வழியாகப் பில்லோடு சேர்த்துக் கொடுக்கும் இனாமை விடுதி வாங்கிப் பணியாளர்க்குப் பகிர்ந்தளித்தால், அது முதலாளி கொடுக்கும் சம்பளமாகுமா என்பதே கேள்வி. ஆகாது, விடுதி அப்பணத்தைப் பணியாளர் சார்பில் வாங்கி ஒப்படைக்கும் இடைநிலையே, ஆகவே சம்பளம் என்று கருதி வருமான வரி பிடிக்க வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. வரி பிடிக்கப்படாதது பணியாளர்க்கு ஆறுதலே. ஆனால் அத்தீர்ப்பின் மறுபக்கத்தையும் காண வேண்டும். இனாம் சம்பளம் அன்று என்றால், அதனைச் சம்பளமாகக் கேட்கும் உரிமையும் இல்லை என்பதே பொருள்.

இனி, ஒழிக்கக் கூடாது என்போரின் வாதத்தைக் கேட்போம். அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் பணியாளருள் பலரே இந்தப் பக்கம் நிற்கின்றனர். அவர்கள் கூறுவது இதுதான்: "இனாம் என் கைக்கு நேரே வருகிறது. இன்று மாலையே அரிசி வாங்கலாம். அதனை நிறுத்திவிட்டு, 'சம்பளத்தில் சேர்த்துத் தருகிறோம்' என்பார்கள். முதல் மாதம் சேர்ப்பார்கள். அடுத்த ஆண்டு வியாபாரம் மந்தம் என்பார்கள். தட்டில் விழுவதும் போகும். சம்பளத்தில் ஏறியதும் போகும்." இந்த அச்சம் அறியாமை அன்று, அனுபவம். மேலும், முகம் மலர்ந்து, விருந்தினரின் விருப்பமறிந்து பரிமாறும் திறமைக்கு இனாம் ஒரு பாராட்டு என்றும் அவர்கள் கருதுகின்றனர். அப்பாராட்டைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

இந்த அச்சத்துக்கு வெளிநாட்டு வரலாறும் சான்று தருகிறது. அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலம் 1909ஆம் ஆண்டு இனாமைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. கொடுப்பவர் கையையும் வாங்குபவர் கையையும் காவலர் பிடித்துக்கொண்டிருக்க இயலுமா? சட்டம் இனாமைத் தடுத்தது. அதனை வேண்டச் செய்த குறைந்த கூலியைத் தொடவில்லை. அண்மைக் காலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. நியூயார்க்கில் புகழ் பெற்ற உணவு விடுதிகளை நடத்தும் டேனி மேயர் என்பவர் 2015ஆம் ஆண்டில் தம் விடுதிகளில் இனாம் இல்லை என்று அறிவித்தார். உணவின் விலையை உயர்த்தி, அதிலிருந்து சமையலறையில் உழைப்போர்க்கும் நல்ல ஊதியம் தருவது அவர் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அண்டை விடுதிகளில் இனாம் தொடர்ந்தது. அங்கே கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று பரிமாறுவோர் பலர் விலகினர். 2020ஆம் ஆண்டில் மேயர் தம் முறையைக் கைவிட்டார். ஊர் முழுவதற்கும் பொதுவான ஊதிய ஏற்பாடு இல்லாதபோது ஒரு விடுதி மட்டும் தனித்து மாறுவது அரிது என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்காவில் மற்றொரு விந்தையும் உண்டு. இனாம் பெறுவோர்க்கு முதலாளி தரவேண்டிய குறைந்த கூலி மணிக்கு 2.13 டாலர் என்று மத்தியச் சட்டம் 1991 முதல் வைத்திருக்கிறது. பிற தொழிலாளர்க்கு அது 7.25 டாலர். இடையே உள்ள குறையை விருந்தினரின் இனாம் நிரப்புவதாகக் கணக்கு. நிரம்பாவிட்டால் மட்டுமே முதலாளி ஈடு செய்ய வேண்டும். விருந்தினர் தாராளமாகக் கொடுக்கக் கொடுக்க, முதலாளியின் சுமையே குறைகிறது! நல்ல வேளையாக நம் நாட்டில் இனாமைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கும் ஏற்பாடு இல்லை. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியை முதலாளி தரவேண்டியதாகவே கொண்டது. உணவு விடுதிகளில் வேலை நேரத்தையும் வார ஓய்வையும் ஒழுங்குபடுத்த நம் மாநிலம் 1958ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் கண்டது. சட்டம் சரியான பக்கமே நிற்கிறது. ஆனால் வேலைக்குச் சேரும்போதே, "சம்பளம் கொஞ்சம் குறைவுதான், டிப்ஸ் நன்றாக வரும்" என்று ஒரு முதலாளி கூறினால், சட்டம் அனுமதிக்காததை வழக்கம் அனுமதித்துவிடுகிறது. இனாம் செய்யும் பெருந்தீங்கு இதுவே. கூலி போதுமா என்ற கேள்வி முதலாளியை நோக்கி எழ வேண்டும். இனாம் அதனை விருந்தினரின் பக்கம் திருப்பிவிடுகிறது.

இனாமுக்கு மாற்றாகச் சில பெரிய விடுதிகள் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பில்லிலேயே சேர்க்கத் தொடங்கின. பலர் இதனையும் சரக்கு சேவை வரியையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர். வரி அரசுக்குச் செல்வது. சேவைக் கட்டணம் விடுதிக்குச் செல்வது. இதனைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நெறிமுறை வெளியிட்டது. விடுதி உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. அக்கட்டணம் தொழிலாளர்க்குப் பயன்படுகிறது என்பதும் அவர்கள் வாதங்களுள் ஒன்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, கட்டாயமாகச் சேர்ப்பது முறையன்று என்று தீர்ப்பளித்து நெறிமுறையை நிலைநிறுத்தினார். விருந்தினர் தாமே விரும்பிக் கொடுப்பதற்குத் தடையில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். நுகர்வோரின் உரிமை இதனால் காக்கப்பட்டது. தொழிலாளியின் கேள்வியோ அப்படியே நிற்கிறது. அவர் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அவரிடம் சேர்ந்ததா என்பதை விருந்தினரும் அறியார். பல இடங்களில் தொழிலாளியும் அறியார்.

நம் மாவட்டத்துக்கு மீண்டும் வருவோம். மாமல்லபுரத்துக்கு அண்மையில் உள்ள திருப்போரூரில் முருகன் கோயில் இருக்கிறது. இத்தகைய தலங்களில் முடி காணிக்கை செலுத்துவது தொன்று தொட்ட வழக்கம். அதற்குக் கோயில்களில் கட்டணச் சீட்டு இருந்தது. சீட்டுக்கு மேல் மழிப்பவர் கையிலும் சிறிது கொடுப்பது உலக வழக்கு. 2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாடு அரசு திருக்கோயில்களில் இக்கட்டணத்தை நீக்கியது. நீக்கியதோடு நில்லாமல், முடி மழிக்கும் தொழிலாளர்க்கு மாதந்தோறும் 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. இதில் பாராட்டத்தக்க செய்தி ஒன்று உண்டு. பக்தரிடமிருந்து பெறுவதை நிறுத்தும்போதே, தொழிலாளிக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கும் விடை தேடப்பட்டது. எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. அத்தொகைக்கு வைத்த பெயர் ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு முழுவதையும் அதுவே தாங்காது. பலகையில் 'கட்டணமில்லை' என்று எழுதலாம். மழிப்பவரின் வீட்டில் உலை கொதிக்கப் போதிய வருவாய் அமைந்தால்தான் அந்தப் பலகை நிலைக்கும்.

அங்ஙனமாயின் வழி என்ன? வரலாற்றில் இரு வழிகள் தெரிகின்றன. அமெரிக்க இரயில்களில் படுக்கை வண்டிகளை நடத்திய புல்மன் நிறுவனம், கறுப்பின மக்களைப் பணியாளராக அமர்த்திக் குறைந்த கூலி கொடுத்து, மீதியைப் பயணிகளின் இனாமுக்கு விட்டிருந்தது. 1925ஆம் ஆண்டில் அப்பணியாளர்கள் சங்கம் அமைத்தனர். ஃபிலிப் ராண்டால்ஃப் என்பவரைத் தலைவராக்கினர். அவர் அந்நிறுவனத்தில் வேலை செய்பவர் அல்லர். ஆதலால் அவரை வேலையை விட்டு நீக்க நிறுவனத்தால் இயலவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1937ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஏற்பட்டது. கூலி உயர்ந்தது, மாதம் ஏறக்குறைய 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது. அவர்கள் இனாமை ஒழிக்கப் போராடவில்லை, கூலிக்காகப் போராடினர். இனாமின் பிடி அதனாலேயே தளர்ந்தது.

மற்றொரு வழி நம் நாட்டிலேயே தோன்றியது. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடியபோது வேலையிழந்த பணியாளர்கள், பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957ஆம் ஆண்டில் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றிற்று. தில்லியும் கேரளமும் தொடர்ந்தன. அவ்வாறு எழுந்த இந்தியன் காப்பி ஹவுஸ்களில் தலைப்பாகையோடு பரிமாறுபவர் வேலையாள் மட்டும் அல்லர். உரிமையாளருள் ஒருவரும் ஆவார். எல்லா விடுதிகளும் கூட்டுறவாக மாற இயலாது. ஆயினும் பரிமாறுபவர்க்கு நிறுவனத்தின் கணக்கில் ஓர் இடம் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. இனாமை ஒழித்தால் நன்மையா, தீமையா என்பது, எதனை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூலியை உயர்த்திவிட்டு இனாமை நிறுத்தினால் தொழிலாளி மனிதராக உயர்வார். கூலியைத் தொடாமல் இனாமை மட்டும் நிறுத்தினால் அவர் இருந்த நிலையிலிருந்தும் தாழ்வார். பிரான்சு நாட்டில் 1987 முதல் விலைப்பட்டியலில் காணும் விலையிலேயே பரிமாறும் செலவும் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டனில் 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, விருந்தினர் தரும் இனாம் முழுவதையும் முதலாளி பிடித்தம் இன்றித் தொழிலாளரிடம் நேர்மையாகப் பகிர்ந்தளிக்க வேண்டும். பகிரும் முறையை எழுத்தில் வைத்திருக்கவும் வேண்டும். நம் கடற்கரை விடுதிகளும் இவற்றிலிருந்து மூன்று செய்திகளைக் கற்கலாம். அரசு அறிவித்த கூலியை முழுமையாக வங்கி வழியே கொடுப்பது முதலாவது. இனாமாகவோ கட்டணமாகவோ சேரும் பணத்தைச் சமையலறையில் இருப்பவர்க்கும் பகிர்ந்து, பகிர்ந்த கணக்கை எல்லாரும் காண ஒட்டிவைப்பது இரண்டாவது. உணவின் விலையிலேயே உழைப்பின் விலையையும் அடக்கி, அதனை விருந்தினர்க்கு நேர்மையாகக் கூறுவது மூன்றாவது. இம்மூன்றும் நிலைபெற்ற இடத்தில் இனாம் தானே வாடி உதிரும். ஒழிக்கச் சட்டம் வேண்டியதில்லை.

காலந்தாழ்த்த இடமில்லை என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையினால், தேநீர்க் கடை முதல் பெரிய விடுதி வரை, பில்லில் உள்ள தொகையைச் சல்லிக்காசு மாறாமல் கைப்பேசியிலேயே செலுத்திவிடுகிறோம். அப்பணம் முதலாளியின் கணக்குக்குச் செல்கிறது. மீதிச் சில்லறை என்பதே இல்லை. தட்டில் விடுவதற்கும் ஒன்றும் இல்லை. எந்த அரசும் ஆணையிடாமல், எவரும் விவாதிக்காமல், இனாம் பல மேசைகளில் மெல்ல மறைந்து வருகிறது. அது மறையும் அளவுக்குக் கூலி உயர்ந்ததா? உயரவில்லையெனில், தவறான வரிசையில் இனாமை நாம் ஏற்கெனவே ஒழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே உண்மை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் விடுமுறையில் விடுதிகளில் பணி செய்திருப்பீர்கள். பலர் நண்பர்களோடு மாமல்லபுரம் சென்று திரும்பும் வழியில் விடுதியில் உண்டிருப்பீர்கள். கூலி சீர்பெறும் வரை, இயன்றதைக் கொடுங்கள். கொள்கையின் பெயரால் கையை இறுக்கிக்கொள்ளாதீர்கள். கொடுக்கும்போது அவரைக் காத்து நிற்கச் செய்யாதீர்கள். கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஏவவும் உரிமை வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். உங்களினும் மூத்தவரை 'தம்பி' என்றும் 'ஏய்' என்றும் அழைக்காமல், 'அண்ணே' என்றோ 'ஐயா' என்றோ அழையுங்கள், அதற்குச் செலவில்லை. நாளை உங்களுள் ஒருவர் விடுதி நடத்தலாம். ஒருவர் தொழிலாளர் துறை அதிகாரியாகலாம். ஒருவர் சட்டம் இயற்றும் மன்றத்தில் அமரலாம். அந்த நாளில், பரிமாறுபவர் விருந்தினரின் முகத்தைப் பார்த்துத் தம் மாத வருவாயைக் கணக்கிட வேண்டிய நிலையை மாற்றும் பொறுப்பு உங்களுடையது. வீட்டுக்கு வந்த விருந்தினரை உபசரிப்பதில் நாம் பெயர் பெற்றவர்கள். அந்த உபசாரத்தை நம் சார்பில் நாள்தோறும் செய்பவர்க்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுப்பதும் அவ்வுபசாரத்தின் ஒரு பகுதியே.